மாடி வீட்டு ராசி

மார்ச் 30, ஞாயிறு

இந்த டைரியை இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் ஜனவரியில் கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘இன்றைய சேமிப்பு, நாளைய நிம்மதி’ என்று அச்சடித்திருக்கிறது. நிம்மதி என்ன விலை என்று மட்டும் போடவில்லை. மூன்று மாதமாக மளிகைச் சாமான் எழுதத்தான் பயன்பட்டது. இன்றைக்குத்தான் எழுத ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது.

கடச்சனேந்தலுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு பார்த்துவிட்டு வந்தோம். ஒரே மாதிரி ஆறு வீடுகள், ஒன்றின் சுவரில் இன்னொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இரண்டு பெட்ரூம் என்கிறார்கள். இரண்டாவதில் கட்டிலைப் போட்டால் கதவைச் சாத்த முடியாது. சமையலறையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. அதில் நஷ்டம் இல்லை, இவர் நிற்கப்போவதில்லை.

ஓவியா காலி ஹாலைப் பார்த்ததும் ஓடினாள். நாலடி ஓடியவள் சட்டென்று நின்று, தரையைப் பார்த்து, என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

“கீழ யாரு இருக்காங்கம்மா?”

“கீழ யாரும் இல்லடி. வெறும் மண்ணுதான்.”

நம்பாமல் ஒரு தடவை குதித்துப் பார்த்தாள். யாரும் தட்டவில்லை. பிறகு அந்த ஹாலை ஒரு வழி பண்ணிவிட்டாள். 

நாங்கள் இப்போது இருப்பது வில்லாபுரத்தில் மாடி வீடு. கீழே ஹவுஸ் ஓனர். பிள்ளை ஓடினால் ஓனர் வீட்டம்மா ஒட்டடைக் கம்பால் கீழிருந்து டொக் டொக்கென்று தட்டுவார். ஓவியா நடக்கப் பழகியதே அந்தத் தட்டலைக் கேட்டுத்தான். ஐந்து வயதாகிறது, வீட்டுக்குள் முன்னங்காலில்தான் நடக்கிறாள். இப்போது பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் நடக்கிறாளாம். “உங்க பொண்ணு டான்ஸ் கிளாஸ் போறாளா இந்து மிஸ்?” என்று கூட வேலை பார்க்கும் டீச்சர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இந்த வீட்டை வாங்கியே ஆகவேண்டும். 

ஏப்ரல் 1, செவ்வாய்

இவர் ஒரு பேப்பரில் கணக்குப் போட்டார், நான் ஒரு பேப்பரில் போட்டேன். இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் இடித்தன. பைக் ஷோரூமில் இவர் வாங்கும் சம்பளத்தில் பாதிக்கு மேல் மாதத் தவணைக்கே போய்விடும். மீதியையும் என் சம்பளத்தையும் வைத்துச் சாப்பிடலாம், காய்ச்சல் வராமல் இருந்தால்.

முன்பணத்துக்கு ஒரே வழி, ஒத்திப் பணம். நாலு வருஷத்துக்கு முன்பு ஆறு லட்சத்தை மொத்தமாக ஓனரிடம் கொடுத்து ஒத்திக்குக் குடி வந்தோம். மாத வாடகை கிடையாது. காலி செய்கிற அன்றைக்கு அந்த ஆறு லட்சமும் குறையாமல் திரும்பி வந்துவிடும். என் கல்யாண நகையில் பாதியும், இவர் கல்யாணத்துக்கு முன்னால் சேர்த்ததும்தான் அது. மற்றவர்கள் மாதாமாதம் வாடகை என்று காசைக் கரியாக்கும்போது நாம் மட்டும் கெட்டிக்காரர்கள் என்று இந்த நாலு வருஷமும் நினைத்துக்கொண்டோம்.

“அது நம்ம காசு இந்து. கேட்டா குடுத்துரப் போறாரு,” என்றார் இவர். 

எங்களுக்கு முன்னால் இங்கே இருந்தவர் கலாராணி அக்கா. சாவியைக் கொடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “ராசியான வீடும்மா. நாங்க இங்க இருந்துதான் சொந்த வீட்டுக்குப் போறோம். நீயும் போவ,” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வேறு வீடு பார்க்காமல் இதையே எடுத்தோம். வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்.

ஏப்ரல் 2, புதன்

ஓனரிடம் சொன்னோம். ராமசுப்பு சாருக்கு அறுபது தாண்டிவிட்டது. முன்பு பாத்திரக் கடை வைத்திருந்தார். இப்போது ஈஸி சேர் மட்டும்தான் வைத்திருக்கிறார். அவர் மனைவி சிவகாமி அம்மா காபி கொடுத்தார். நாலு வருஷத்தில் இது மூன்றாவது காபி.

“சந்தோசம் பாப்பா. நல்லா இருங்க. புது ஆளு மட்டும் வந்துரட்டும். அவங்க குடுக்குறத வாங்கி அப்படியே உங்க கையில குடுத்துர்றேன்.”

“புது ஆளு வரலைன்னா சார்?” என்று கேட்டேன்.

“வராம எங்கம்மா போவாங்க? ஊரு பூராம் இப்படித்தான நடக்குது.”

அப்படியானால் எங்கள் ஆறு லட்சம் அவரிடம் இல்லை. அவருடைய மூத்த மகள் கல்யாணத்தில் பந்தியோடு பந்தியாகப் போயிருக்கும். படியேறும்போது, வழக்கம் அதுதானே என்று எங்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டோம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் மோட்டார் போடவில்லை. நாலு குடம் கீழிருந்து தூக்கினேன். முதுகு விட்டுப்போச்சு.

ஏப்ரல் 9, புதன்

லோன் விஷயமாக ஒரு பையன் வீட்டுக்கே வந்தான். டை கட்டியிருந்தான். மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்துகொண்டு எங்கள் வாழ்க்கையைக் கேட்டான்.

“மேடம் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டுனாத்தான் சார் லோன் வரும். மேடம் வேலைய விடற ஐடியா ஏதும் இருக்கா? அடுத்த குழந்தை, கிழந்தைன்னு?”

இவர் என்னைப் பார்த்தார். ஓவியாவுக்குத் துணையாக ஒன்று வேண்டும் என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் இவர்தான்.

“இல்ல,” என்றார்.

அந்தப் பையன் எதையோ டிக் செய்தான். எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை வேண்டாம் என்று முடிவான விதம் இதுதான். அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பினேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. நல்ல நாள் என்று வீட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். ஒரு லட்சம், என் வளையல்களை அடகு வைத்து. ஒத்திப் பணம் கைக்கு வந்த பிறகு கொடுங்கள் என்று இவருடைய நண்பர் சொன்னார். அடுத்த நல்ல நாளுக்குள் வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விட்டால்? வருஷப் பிறப்பன்று கை நீட்டிக் கொடுத்தால் வருஷம் முழுக்க விருத்தி என்று நான்தான் சொன்னேன்.

வீடு கட்டுகிறவரின் மேனேஜர் ரசீது எழுதிக்கொண்டே சொன்னார்: “வைகாசிக்குள்ள மிச்ச முன்பணத்தைக் கட்டிப் பால் காய்ச்சிருங்கம்மா. ஆனி, ஆடியில யாரும் குடி போக மாட்டாங்க. ஆவணி வரைக்கும் உங்களுக்காக என்னால வீட்டை நிப்பாட்டி வைக்க முடியாது. அட்வான்ஸும் திரும்பாது, இப்பவே சொல்லிர்றேன்.”

பாயசம் வைத்தேன். கொஞ்சம் தீய்ந்துவிட்டது. மூன்று பேரும் மிச்சம் வைக்காமல் குடித்தோம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள். ஒருவர் வாசல் எந்தத் திசை என்று திசைகாட்டியோடு வந்தார். ஒரு அம்மா என் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, “இம்புட்டுதானா?” என்றார். வீட்டைச் சொன்னாரா என் சேலைகளைச் சொன்னாரா தெரியவில்லை. ஒரு தம்பதி பிடித்திருக்கிறது என்றார்கள், வாடகைக்குத்தான் வேண்டுமாம், மொத்தமாகக் கொடுக்கப் பணம் இல்லையாம். உள்ளவன் ஒத்திக்கு வருவதில்லை, இல்லாதவனால் முடிவதில்லை. எங்களைப் போல் நடுவில் தொங்குகிறவர்களுக்குத்தான் இது ஆகும்.

மே 6, செவ்வாய்

மனசு ஆறவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலை பத்து மணி இருக்கும். இரண்டு பேர் பைக்கில் வந்து கீழே கேட்டில் ஒரு பேப்பரை ஒட்டி, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். இறங்கிப்போய்ப் படித்தேன். இந்த வீட்டின் மேல் ராமசுப்பு சார் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் கடன் வாங்கியிருக்கிறார். எவ்வளவோ மாதமாகக் கட்டவில்லை. இனியும் கட்டாவிட்டால் வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடுவார்களாம். 

வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிவகாமி அம்மா வெளியே வந்தார். பேப்பரைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். ஒரு மூலை கிழிந்து வந்ததே தவிர மற்றது அசையவில்லை. நல்ல பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

“வீடு பாக்க யாராச்சும் வருவாங்கல்ல இந்து,” என்றார்.

நான் மாடிக்குப் போய் வெந்நீர் போட்டுக்கொண்டு வந்தேன். சொம்பு சொம்பாக ஊற்றி ஊற விட்டோம். அரை மணி நேரத்தில் தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது. மிச்சம் இருந்த பசையைத் தேங்காய் நாரை வைத்து நான்தான் தேய்த்தேன். அந்த அம்மாவுக்குக் குனிய முடியாது, முட்டிவலி.

மே 8, வியாழன்

ஒரு வக்கீலைப் பார்த்தோம். இவருடைய நண்பரின் அண்ணன் என்பதால் ஃபீஸ் வாங்கவில்லை. அதனாலோ என்னவோ உண்மையைச் சொன்னார்.

“உங்க ஒத்திப் பத்திரம் வெறும் இருபது ரூபா பத்திரம் தம்பி. ரிஜிஸ்டரும் பண்ணல. வீடு ஏலம் போனா மொதல்ல கடன் குடுத்தவன் எடுத்துக்குவான். மிச்சம் மீதி இருந்தாத்தான் உங்களுக்கு. கேஸ் போடலாம், நான் வேண்டாங்கல. உங்க பாப்பா காலேஜ் முடிக்கிறப்ப தீர்ப்பு வரும்.”

“வேற வழி?” என்று கேட்டேன்.

பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். “எல்லாரும் என்ன பண்றாங்களோ அதுதான். அடுத்த ஆளை உக்கார வச்சிட்டு எந்திரிச்சிர்றது.”

திரும்பும்போது இவர் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டுச் சும்மா நின்றார். அவருடைய தோளைத் தொடலாம் என்று தோன்றியது. கையில் பால் பாக்கெட் இருந்தது.

மே 9, வெள்ளி

கலாராணி அக்காவுக்குப் போன் போட்டேன். நாலு வருஷத்துக்குப் பிறகு.

“நீங்க காலி பண்றப்ப உங்க ஒத்திக் காசு எப்படிக்கா திரும்பி வந்துச்சு?” என்று நேராகவே கேட்டேன்.

“நீ குடுத்ததுதான்மா எனக்கு வந்துச்சு. வேற எங்க இருந்து வரும்?”

“கடன் இருக்குன்னு அப்பவே தெரியுமா?”

“கேள்விப்பட்டோம். அவரு அப்பவே ரெண்டு மூணு தவணை நின்னு போயி…”

“தெரிஞ்சேதான் என் கையப் புடிச்சு ராசியான வீடுன்னு சொன்னீங்களா?”

“எனக்கு ரெண்டு பிள்ளைக இந்து,” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வாய்க்கு வந்தபடி வைதுவிட்டேன். இந்த மாதிரி ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை. சிரித்த முகமாகக் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே குழியில் தள்ளியிருக்கிறாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் தப்பித்திருப்போம். இவளுக்கெல்லாம் எப்படித்தான் சோறு இறங்குகிறதோ.

மே 13, செவ்வாய்

வெயில் தாங்கவில்லை. ஓவியாவுக்கு வேனல் கட்டி. சந்தனம் அரைத்துப் போட்டேன்.

மேனேஜர் போன் செய்தார். வேறு ஒரு பார்ட்டி அந்த வீட்டைக் கேட்கிறதாம். 

மே 16, வெள்ளி

விடுமுறை என்றாலும் அட்மிஷன் வேலைக்கு எங்களைப் பள்ளிக்கு வரச் சொல்கிறார்கள். ஆபீஸில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், சிவரஞ்சனி. திருமங்கலத்துப் பெண், கல்யாணம் ஆகி ஒரு வருஷம்தான். ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள். புருஷன் வினோத்துக்கு மாட்டுத்தாவணிப் பக்கம் டயர் கம்பெனியில் வேலை. மாமியார் வீட்டில் இருக்கிறது ஒரே அறை, பிள்ளை பிறப்பதற்குள் தனியாகப் போக வீடு தேடுகிறார்கள்.

இதெல்லாம் அவளாகத்தான் சொன்னாள். நான் விசாரிக்கவில்லை.

“வாடகையா, ஒத்தியா, எதுக்கா நல்லது?” என்று கேட்டாள். “இவுக அப்பா நிலத்தை வித்த காசு கொஞ்சம் இருக்கு. சும்மா வச்சிருந்தா கரைஞ்சு போயிரும்னு இவரு பயப்படுறாரு.”

நாங்கள் இத்தனை நாளும் ஒத்திக்குத்தான் இருக்கிறோம் என்று சொன்னேன். அது உண்மைதானே.

மே 18, ஞாயிறு

ரஞ்சனியும் வினோத்தும் வீடு பார்க்க வந்தார்கள். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. தண்ணீர் உப்பு என்று சொன்னேன். பாத்ரூம் கதவு மழைக்கு உப்பிக்கொள்ளும், சமையலறையில் சித்தெறும்பு வரும், எதிர்வீட்டு நாய் விடிய விடியக் குரைக்கும், எல்லாம் சொன்னேன். ஓனர் வீட்டம்மா கம்பால் தட்டுவதையும் சொன்னேன். ரஞ்சனி சிரித்தாள்.

“எங்க பாப்பா நடக்க இன்னும் எம்புட்டு நாளு இருக்கு. அதுக்குள்ள அவுகளையே பாப்பாவத் தூக்க வச்சிர மாட்டேனா?”

எல்லா இடத்தையும் பார்த்துவிட்டு, கடைசியில் படிக்கட்டில் இறங்கும்போது கேட்டாள்.

“நீங்க எதுக்குக்கா காலி பண்றீங்க?”

“சொந்த வீடு வாங்கிருக்கோம்.”

அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வினோத்தின் கையைப் பிடித்து அழுத்தினாள். “உங்களுக்கு முன்னாடி இருந்தவுக?”

“அவங்களும் சொந்த வீட்டுக்குத்தான் போனாங்க.”

“அப்ப ராசியான வீடுன்னு சொல்லுங்க.”

அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை. அவளேதான் சொன்னாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். 

அவர்கள் போன பிறகு இவர் ஏதோ சொல்ல வந்தார். “இந்து, அந்தப் பிள்ளகிட்ட…” என்று ஆரம்பித்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஓவியாவின் சட்டையை மடித்து வைத்துவிட்டு, “சொன்னா வருவாளா?” என்று மட்டும் கேட்டேன். இவர் பதில் சொல்லவில்லை. அப்படியானால் இவருக்கும் சம்மதம் என்றுதான் அர்த்தம்.

மே 25, ஞாயிறு

நல்ல நேரம் பார்த்துக் கீழே ஓனர் வீட்டு ஹாலில் பத்திரம் எழுதினார்கள். இருபது ரூபாய்ப் பத்திரம். எங்களுடையதில் பெயரை மட்டும் மாற்றி டைப் அடித்த மாதிரி இருந்தது. வினோத் மஞ்சள் பையில் பணம் கொண்டுவந்திருந்தார். எங்களைவிட ஒரு லட்சம் கூடுதல். அந்த ஒரு லட்சத்தை ராமசுப்பு சார் தன் பக்கம் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தொடக்கூட இல்லை, அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார்.

ரஞ்சனி வினோத்தின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. “பாருங்க, அவுக காச உடனே குடுத்துட்டாரு. நல்ல மனுசன்.”

சிவகாமி அம்மா எல்லாருக்கும் காபி கொண்டுவந்தார். என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. இவர் வீட்டுக்குள் வரவே இல்லை, டீக்கடையில் நின்றார். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேண்டும் என்றார்கள். நான் போட்டேன். 

ஆறு லட்சத்தையும் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். நம் காசு நமக்கு வந்துவிட்டது. வேறு யாருடைய காசும் இல்லை இது.

மே 30, வெள்ளி

முன்பணம் கட்டியாயிற்று. லோனும் பாஸ். வீடு எங்கள் இருவர் பெயரிலும். இருபது வருஷம். கடைசித் தவணை கட்டும்போது ஓவியாவுக்கு இருபத்தைந்து வயது நடக்கும்.

சாமான் கட்ட ஆரம்பித்தேன். நாலு வருஷத்தில் இவ்வளவு பிளாஸ்டிக் டப்பா எப்படிச் சேர்ந்ததோ.

ஜூன் 8, ஞாயிறு

பால் காய்ச்சினோம். வந்தவர்களில் பாதிப் பேர் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மாட்டுவதற்குச் சுவர் வேண்டாமா? என் நாத்தனார் ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு, “சின்னதா இருந்தாலும் சொந்தம்ல,” என்றாள். மூன்று தரம் சொன்னாள். ‘சின்னது’தான் அழுத்தமாகக் கேட்டது.

ரஞ்சனியும் வந்தாள், ஏழாவது மாதம் நெருங்குகிறது, இந்த வெயிலில் இரண்டு பஸ் மாறி. எவர்சில்வர் குடம் வாங்கிவந்திருந்தாள், என் பேரைப் பொறித்து. வாசலில் நின்று வீட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

“நாங்களும் இப்படி ஒண்ணு வாங்கணும்க்கா. அந்த வீட்டுல கால வச்ச நேரம், இவருக்குச் சம்பளம் ஏத்திருக்காங்க தெரியுமா?”

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். இலையில் அவளுக்கு இரண்டு வடை வைத்தேன்.

இவர் பந்தியைக் கவனிக்கிறேன் என்று அவள் இருந்த பக்கமே வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஓவியாவை இங்கே பக்கத்திலுள்ள பள்ளியில் சேர்த்தோம். பழைய பள்ளியின் ஃபீஸுக்கும் வேன் கட்டணத்துக்கும் இனி வழியில்லை. நான் மட்டும் பழைய பள்ளிக்கே இரண்டு பஸ் மாறிப் போய்வருகிறேன். ரஞ்சனி லீவில் இருக்கிறாள். டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறாராம். ஆபீஸ் பக்கம் போகும்போது அந்த நாற்காலி காலியாக இருப்பது எனக்கு வசதியாக இருக்கிறது.

ஜூலை 5, சனி

முதல் தவணை போய்விட்டது. சம்பளம் வந்து விழுந்த மறுநிமிஷமே எடுத்துக்கொண்டார்கள். இவர் ஷோரூம் முடிந்து ராத்திரி சாப்பாடு டெலிவரிக்குப் போக ஆரம்பித்திருக்கிறார். ஷோரூமில் தெரிந்தால் கேவலம் என்று ஹெல்மெட்டைக் கழற்றுவதே இல்லையாம். பேசிக்கொள்ள நேரம் இல்லை. முன்பும் பெரிதாகப் பேசியதில்லை, ஆனால் அப்போது நேரம் இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

ஓவியாவைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஹாலில் இருந்து சமையலறைக்கு வந்தாள், திரும்பிப் போனாள், பொம்மையை எடுத்தாள். எல்லாம் முன்னங்காலில்.

“நம்ம வீடுடி. கீழ யாரும் இல்ல. நல்லா மிதிச்சு நட,” என்றேன்.

“சரிம்மா,” என்று நாலு தரம் திம் திம்மென்று மிதித்துக் காட்டினாள். நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பியதும் பழையபடி குதிகால் தூக்கிக்கொண்டது. அவளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். அழுதாள். எதற்கு அடித்தாய் என்று இவர் கேட்டார். அடிக்கவில்லை, உலுக்கினேன். 

அப்போது பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினார். பிள்ளை அழுகிற சத்தம் அங்கே கேட்கிறதாம்.

ஜூலை 27, ஞாயிறு

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போது ரஞ்சனி போன் செய்தாள். ஒரு மாதமாக அவள் பெயர் வந்தால் எடுப்பதில்லை. இன்று கை ஈரம், யாரென்று பார்க்காமல் எடுத்துவிட்டேன்.

“அக்கா, நல்லா இருக்கீங்களா? ஓவியா என்ன பண்றா?” என்று எல்லாம் விசாரித்தாள். மருத்துவமனையில் தேதி சொல்லிவிட்டார்களாம். தலை திரும்பிவிட்டதாம். கேட்டுக்கொண்டே தோசையைத் திருப்பினேன்.

“ஒண்ணு கேக்கணும்க்கா. கேட்டுல ஏதோ பேப்பர் ஒட்டிருக்காய்ங்க. நேத்து நாங்க ஆஸ்பத்திரி போயிருந்தப்ப ஒட்டிருக்காய்ங்க போல. ஓனரம்மா என்னன்னா அது தண்ணி வரி நோட்டீசு, கிழிச்சுப் போடுன்றாக. பாதி கிழிஞ்சிருக்கு, எழுத்தும் தெரியல. இவரு வேற டூட்டிக்குப் போயிட்டாரு. நானும் நகத்தால சுரண்டிப் பாத்தேன், வயித்த வச்சுக்கிட்டு குனியவும் முடியல. வரவே மாட்டேங்குதுக்கா.”

ஐயோ, இந்த நேரத்தில் குனியாதே என்றுதான் முதலில் தோன்றியது. நிஜமாகவே அவள்மேல் அக்கறையாகத்தான் சொன்னேன்.

“சுரண்டாத ரஞ்சனி, வராது. வெந்நீர் ஊத்தி ஊற விடு. அரை மணி நேரத்துல தானா உரிஞ்சு வந்துரும்.”

எதிர்வீட்டு நாய் குரைப்பது மட்டும் போனில் கேட்டது. பழகிய குரைப்பு.

பிறகு கேட்டாள். கோபம் இல்லை, அழுகை இல்லை, ஆபீஸில் ஒரு விவரம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

“நீங்க எப்ப ஊத்துனீங்கக்கா?”

சிக்னல் சரியில்லை, சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். தோசை கருகிவிட்டது. சமையலறை வாசலில் ஓவியா குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, நடந்துவந்த சத்தமே கேட்கவில்லை.